நிறைஞ்சிருக்கு

நைனா,

இந்தக் கடுதாசியை முதல்ல உன் பெட்டிக்குள்ளதான் வெச்சேன், ஸ்வெட்டருக்கும் அம்மா கட்டிக் குடுத்த பருப்புப் பொடிக்கும் நடுவுல. வெச்சிட்டு ஹால்ல வந்து உக்காந்து டீயைக் கையில எடுத்தப்பதான் யோசிச்சேன். பெட்டியில இருந்தா நீ ஜெர்மனி போய்த்தான் படிப்ப. படிச்சிட்டு அங்கேர்ந்து இன்னா பண்ண முடியும், தலையில அடிச்சிக்கத்தான் முடியும். அதனால திரும்பப் போய் எடுத்து உன் லேப்டாப் மேல வெச்சிருக்கேன். இன்னைக்கு வியாழக்கிழமை, உனக்கு ஃபிளைட் ஞாயித்துக்கிழமை. நடுவுல ரெண்டு நாள் இருக்கு. படிச்சிட்டு நீயே முடிவு பண்ணு. எதிர்ல உக்கார வெச்சே சொல்லியிருக்கலாம். முப்பத்திரெண்டு வருஷம் பஸ்ல கண்டக்டரா நின்னு ஊரையே அதட்டினவனுக்கு, பெத்த புள்ள மூஞ்சியைப் பாத்து இதைச் சொல்ல வாய் வரல. எனக்குப் பயமா இருக்குடா. இந்த ஒரு வார்த்தையைச் சொல்றதுக்கு அறுபத்திமூணு வயசு ஆயிடுச்சு எனக்கு.

உனக்குத் தெரிஞ்ச கதையிலேர்ந்தே ஆரம்பிக்கிறேன், ஆனா நான் நின்ன பக்கத்துலேர்ந்து. ரெண்டு வருஷத்துக்கு முந்தி அந்த மழையில ரயில்வே சப்வே ரொம்பி, நம்ம சேக்காட்லேர்ந்து ஒரு ஆட்டோகூட வெளிய போவல. அம்மாவுக்கு அன்னைக்கு டயாலிசிஸ் நாள். சென்டர்ல போன் பண்ணி, நாளைக்கு வாங்கன்னுட்டாங்க. மறுநாளும் தண்ணி வடியல. மூணாவது நாள் காலையில அம்மாவால படுக்க முடியல. படுத்தா மூச்சு அடைக்குது, உக்காந்தா இரைக்குது. நீ பேன்ட்டை முட்டிக்கு மேல மடிச்சிக்கினு தண்ணியில இறங்கி, ஒரு பால் வண்டிக்காரன் கால்ல விழாத குறையா கெஞ்சி, அம்மாவைப் பின்னாடி கிரேட்டுங்க நடுவுல உக்கார வெச்சுக் கூட்டிக்கினு போன. நான் இன்னா பண்ணேன்? குடையைத் தேடிக்கினு இருந்தேன். நீங்க ரெண்டு பேரும் தெருமுனை தாண்டின பிறகுதான் குடை கெடைச்சுது. அது எங்க இருந்துச்சுன்னு எனக்கு முன்னாடியே தெரியும். இதை இத்தனை நாள் யார்கிட்டயும் சொல்லல.

அதுக்கப்புறம்தான் நீ பிடிவாதமா மிஷினை ஊட்டுக்கே கொண்டாந்த. டாக்டர்கிட்ட பேசி, பின் ரூமைக் காலி பண்ணி, நம்ம போர் தண்ணி உப்புன்னு பால்கனியில தண்ணி சுத்தம் பண்ற பிளான்ட்டை மாட்டி, இன்வெர்ட்டர் வெச்சு, எல்லாம் நீயே. சென்டர்லேர்ந்து ஜெசிந்தா சிஸ்டர் வந்து உனக்குக் கத்துக் குடுத்தாங்க. செவ்வாய், வெள்ளி, ஞாயிறு, வாரத்துல மூணு நாள் நீ அம்மாவோட இடது கையில ரெண்டு ஊசி குத்துவ. ஒண்ணு வழியா ரத்தம் மிஷினுக்கு வரும், இன்னொண்ணு வழியா சுத்தமாகி உடம்புக்குப் போவும். நாலு மணி நேரம். நீ ஊசியைப் பிரிக்கிற சத்தம் கேட்டதும் நான் செருப்பை மாட்டிக்கினு பால் வாங்கக் கிளம்பிடுவேன். அம்மாவுக்குப் பால் அளந்துதான் குடுக்கணும், நீ கருப்புக் காபி, நான் பால் போடாத டீ. ஃப்ரிட்ஜ்ல பால் பாக்கெட்டா அடுக்கியிருந்ததைப் பாத்து நீ ஒரு நாள்கூட ஏன்னு கேக்கல. கேக்காம விட்டதுக்கு நன்றி. ஆனா கேட்டிருக்கணும்டா.

போன பொங்கல் முடிஞ்ச வாரம், பால்கனியில நின்னு உன் மேனேஜர்கிட்ட நீ போன்ல பேசின. நான் உள்ளதான் பேப்பர் படிச்சிக்கினு இருந்தேன். ஜெர்மனி வேணாம் சார், எங்கம்மாவுக்கு நான்தான் ஊசி போடறேன், ஊட்ல வேற ஆள் இல்லன்னு சொன்ன. நீ கோவமா சொல்லல, குத்திக் காட்டவும் சொல்லல. சாதாரணமா, இன்னைக்குக் கரண்ட் இல்லன்னு சொல்ற மாதிரி சொன்ன. வேற ஆள் இல்ல. ஒரு செவுருக்கு அந்தப் பக்கம் ஆறடிக்கு ஒருத்தன் உக்காந்துகினு இருக்கான், அவன் ஆள் கணக்குலயே இல்ல. அன்னைக்கு எனக்கு வந்த ரோஷத்துல பேப்பரைக் கிழிச்சிட்டேன். அப்புறம் யோசிச்சுப் பாத்தா, நீ சொன்னதுல இன்னா தப்பு? அடுத்த நாளே ஜெசிந்தா சிஸ்டருக்கு போன் பண்ணி, எனக்குக் கத்துக் குடும்மான்னு கேட்டேன். அங்கிள், உங்களுக்கு ரத்தம் பாத்தா ஆவாதேன்னாங்க. ஆவாதுதான், நீ வான்னேன்.

நீ ஆபீஸ் போன பிறகு, சிஸ்டர் பழகக் கொண்டாந்த ரப்பர் கையில குத்திக் குத்திப் பழகினேன். ஓடற பஸ்ல ஒத்தக் காலை ஊனி, ஒரு கையால கம்பியைப் புடிச்சு, ஒரு கையால டிக்கெட் கிழிச்ச ஆளுடா நான். ரப்பர் கைன்னா நல்லாத்தான் குத்தினேன். அம்மா கையில ரத்தக் குழாயைச் சேத்துத் தெச்ச இடத்துல விரலை வெச்சுப் பாருங்கன்னாங்க சிஸ்டர். விர்ருன்னு ஓடுது, நின்ன பஸ்ல இன்ஜின் ஓடற மாதிரி. காலையில எழுந்ததும் அதைத் தொட்டுப் பாக்கணும், அந்த ஓட்டம் நின்னா உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னாங்க. அன்னையிலேர்ந்து எனக்குத் தூக்கம் போச்சு. நாப்பது வருஷமா பக்கத்துலயே படுத்திருக்கிறவ கையில அப்படி ஒண்ணு ஓடிக்கினு இருக்கு, அது எப்ப வேணா நிக்கலாம்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். மொதல் தடவை நெசமா ஊசியை எடுத்தப்ப என் கை ஆடுன ஆட்டத்தைப் பாத்து சிஸ்டரே பின்வாங்கிட்டாங்க. உங்கம்மாதான் மெதுவா சொன்னா, "குத்துங்க. நான் உங்களைப் பாக்கல, ஃபேனைப் பாக்கறேன்." குத்தினேன். ரத்தம் குழாயில ஏறுச்சு. நான் நாற்காலியில உக்காந்துட்டேன், எனக்குத்தான் தண்ணி தெளிச்சாங்க.

விஷயம் தெரிஞ்சு நீ சந்தோஷப்பட்ட. மேனேஜர்கிட்ட திரும்பப் பேசின, விசா வேலையெல்லாம் ஆரம்பிச்ச. இப்ப உன்கிட்ட மறைச்சது ரெண்டு இருக்கு. புதுசுதான் பெருசுன்னு நினைச்சு எழுத உக்காந்தேன், எழுதும்போதுதான் பழசுதான் பெருசுன்னு தெரியுது. அதனால பழசை முதல்ல சொல்லிடறேன். நீ காலேஜ் கடைசி வருஷம் படிச்சப்ப அம்மாவுக்குக் கால் வீங்குதுன்னு பட்டாபிராம் பக்கம் ஒரு டாக்டர்கிட்ட காட்டினேன். ரத்தம், யூரின் எல்லாம் எடுத்துட்டு, ரிப்போர்ட் வாங்கிக்க நான் மட்டும் போனேன். அவர் ஒரு சீட்டு எழுதிக் குடுத்து, கிட்னி டாக்டரைப் பாருங்க, தள்ளிப் போடாதீங்கன்னார். அந்தச் சீட்டை மடிச்சு டிக்கெட் பையில, அடி அறையில சொருகினேன். ஊட்டுக்கு வந்து, உப்பைக் கொறைக்கச் சொன்னாருன்னு மட்டும் சொன்னேன். நாளைக்குச் சொல்லலாம், சம்பளம் வரட்டும், உன் பரீட்சை முடியட்டும், இப்படியே எட்டு மாசம் ஓடிப் போச்சு. தெனமும் அந்தப் பையைத் தோள்ல மாட்டிக்கினு ஆவடிக்கும் பிராட்வேக்கும் போயிட்டு வந்தேன். கையை விட்டா விரல்ல தட்டும். அப்பவே போயிருந்தா கிட்னி இன்னும் கொஞ்ச வருஷம் தாக்குப் புடிச்சிருக்குமான்னு பின்னாடி பெரிய டாக்டரைத் தனியா கேட்டேன். இருக்கலாம், சொல்ல முடியாதுன்னார். அந்த இருக்கலாம் என்னைத் தின்னுக்கினு இருக்கு. அம்மாகிட்ட போன மாசம் சொன்னேன். அவ எழுந்து போய் தட்டு வெச்சா. அப்புறம் சாப்பிட வாங்கன்னா. நீ இன்னா சொல்லுவியோ சொல்லு, கேட்டுக்கறேன். பணத்துக்காகவோ அலட்சியத்துக்காகவோ பண்ணலடா, பயத்துல பண்ணேன். பயந்தவன் எதையும் தூக்கி எறிய மாட்டான், பையில வெச்சிக்கினு சுத்துவான்.

இப்ப ரெண்டாவது. மூணு வாரத்துக்கு முந்தி விசா விஷயமா ரெண்டு நாள் நீ பெங்களூர் போன இல்ல? வெள்ளிக்கிழமை நான் தனியா அம்மாவுக்கு மிஷின் போட்டேன். சாயங்காலம் நீ கேட்டதுக்கு, எல்லாம் ரைட்டுன்னு மெசேஜ் போட்டேன். பெருவிரலைத் தூக்கிக் காட்டற படம்கூட அனுப்பினேன். எல்லாம் ரைட்டு இல்ல.

காலையில சாமி கும்பிட்டு, தலைக்குக் குளிச்சு, அம்மா மஞ்சப் புடவை கட்டிக்கினு வந்து படுத்தா. ஊசி ரெண்டும் மொதல் குத்துலயே ஏறிடுச்சு. எனக்கு ஒரே பெருமை. ரெண்டு மணி நேரம் கழிச்சு அம்மாவுக்குக் கால் இழுத்துக்கிச்சு, பிரஷர் எறங்குச்சு. சிஸ்டர் சொல்லிக் குடுத்த மாதிரி மேல தொங்கற சலைன் பாட்டில்லேர்ந்து கொஞ்சம் உள்ள விட்டேன், சரியாயிடுச்சு. அதுல பாதிக்கு மேல தீந்து போனதை நான் கவனிக்கல. கடைசியில மிஷின்ல இருக்கிற ரத்தத்தை உடம்புக்கே திருப்பி அனுப்பணும். அதுக்கும் அதே சலைன்தான், ரத்தத்தைப் பின்னாலேர்ந்து தள்ளிக்கினு போவும். குழாயில சிவப்பு போயி ரோஸ் ஆவும், ரோஸ் போயி வெள்ளை ஆவும், அப்ப நிறுத்தணும். நான் குழாயையே பாத்துக்கினு இருக்கேன். பாட்டில் என் முதுகுப் பக்கம், அம்மா கண்ணுக்கு நேரா. திரும்பாமயே, பாட்டில் எப்படி கீதுன்னு கேட்டேன். உங்கம்மா சொன்னா, "நிறைஞ்சிருக்குங்க."

உனக்கு இப்பவே புரிஞ்சிருக்கும். இந்த ஊட்ல நாப்பது வருஷமா அரிசி டப்பா காலியானா நிறைஞ்சிருக்குன்னுதானே சொல்லுவா? எண்ணெய் நிறைஞ்சிருக்கு, மஞ்சப் பொடி நிறைஞ்சிருக்குன்னா, பையை எடுத்துக்கினு கடைக்குப் போங்கன்னு அர்த்தம். சின்ன வயசுல நீ ஒரு தடவை பிஸ்கட் டப்பா காலின்னு கத்தி, அவகிட்ட மண்டையில குட்டு வாங்கியிருக்க. எனக்குத் தெரியாத பாஷையா அது? ஆனா அந்த நேரத்துல மூளை சமையல்கட்டுக்குப் போவலடா, பஸ்ஸுக்குப் போயிடுச்சு. கண்டக்டருக்கு நிறைஞ்சிருக்குன்னா ஒரே அர்த்தம்தான், வண்டியை எடு. ரைட்டுன்னேன் நானு. பம்ப்பை ஓட விட்டேன்.

ஒரு நிமிஷம் இருக்கும். குழாயில வெள்ளையா ஒண்ணு வந்துச்சு, சலைன்தான்னு நினைச்சேன். அது நுரை. காத்து. மிஷின் கத்துச்சு பாரு, அந்த மாதிரி ஒரு சத்தத்தை என் ஆயுசுக்கும் கேட்டதில்ல. சிவப்பு லைட்டு சுத்துது. காத்து உடம்புக்குள்ள போனா உசுருக்கே ஆபத்துன்னு சிஸ்டர் மொதல் நாளே சொல்லியிருந்தாங்க. என் கை எங்க போச்சு தெரியுமா? கழுத்துக்கு. விசில் தேடுது. ரிடையர் ஆவி அஞ்சு வருஷம் ஆவுது, கழுத்துல விசில் இல்லடா. நான் அப்படியே நின்னேன். குடை தேடின மாதிரி, சீட்டை மடிச்ச மாதிரி, நின்னேன். செருப்பு வாசல்ல இருந்தது கண்ணுக்குத் தெரிஞ்சுது, அதையும் சொல்லிடறேன். உங்கம்மா படுத்தபடியே மத்த கையால போனை எடுத்து சிஸ்டருக்கு அடிச்சு, என் காதுல வெச்சா. மிஷினே குழாயைக் கவ்விப் புடிச்சிடுச்சு, காத்து உள்ள போவாது, பம்ப்பைத் தொடாதீங்க, உங்க கையாலயும் அந்தக் கிளிப்பைப் போடுங்க அங்கிள்னாங்க. போட்டேன். அதுக்கப்புறம் ஒவ்வொண்ணா அவங்க சொல்லச் சொல்ல ஊசியை எடுத்து, பஞ்சை வெச்சு அமுக்கிக்கினு உக்காந்தேன். குழாயில நின்னு போன ரத்தத்தைத் திருப்ப முடியல. அரை டம்ளர் இருக்கும், உங்கம்மா ரத்தம், என் கையாலயே எடுத்துக் குழாயோட குப்பைப் பையில போட்டேன்.

அவளுக்கு ஒண்ணும் ஆவல. ஆவலங்கறதை நூறு தடவை தொட்டுத் தொட்டுப் பாத்துக்கினேன். அப்புறம்தான் எனக்குக் கோவம் வந்துச்சு. காலின்னா காலின்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே, இது இன்னா அரிசி டப்பாவான்னு கத்தினேன். நான் கத்தி முடிக்கிற வரைக்கும் அவ ஃபேனையே பாத்துக்கினு இருந்தா. அப்புறம் சொன்னா, "என் உசுரு அதுல தொங்குதுங்க. வெள்ளிக்கிழமை அதுவுமா அதைப் பாத்துக் காலின்னு எப்படிச் சொல்லுவேன்?" நான் அழுதேன்டா, அவ பஞ்சை அமுக்கிக்கினே என்னை சும்மா இருங்கன்னா.

சிஸ்டர் மறுநாளே வந்தாங்க. நீ எதுக்கு மறுபடி சிஸ்டர் வராங்கன்னு கேட்டப்ப, சும்மா ஒரு பார்வைன்னு சொன்னேனே, அது இதுக்குத்தான். ரெண்டு பேரையும் நிக்க வெச்சுத் திட்டினாங்க. பாட்டில் கம்பத்தை என் கண்ணுக்கு எதிர்ல மாத்தி வெச்சாங்க. கண்ணால பாருங்க அங்கிள், அப்புறம் காதால கேளுங்கன்னாங்க. ரத்தத்தைத் திருப்பறதுக்கு முன்னாடி புது பாட்டில் மாட்டணும்னு செவுத்துல எழுதி ஒட்டினாங்க. அந்தப் பேப்பரைத்தான் நீ பாத்துட்டு, நல்ல ஐடியாப்பான்னு என்னைப் பாராட்டின. அந்த ரூமுக்குள்ள காலின்னா காலி, பாதின்னா பாதி, ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் திருப்பிச் சொல்லணும்னு சட்டம். அம்மாவுக்கு அந்த வார்த்தை வரவே இல்ல. உதட்டைக் குவிச்சு, முழுங்கி, ரெண்டு தடவை அழுது, அப்புறம் ஒரு வழி கண்டுபுடிச்சா. "காலி, முருகா"ங்கறா. ஒரே மூச்சுல. நானும் "காலி, முருகா"ன்னு திருப்பிச் சொல்றேன். சிஸ்டர் சிரிச்சிட்டு, எந்தச் சாமியை வேணா சேத்துக்கோங்க, காலியை மட்டும் விடாதீங்கன்னாங்க. அதுக்கப்புறம் நீ ஆபீஸ்ல இருந்த நாள்ல நாலு தடவை சிஸ்டர் மூலையில கையைக் கட்டிக்கினு உக்கார, நாங்க ரெண்டு பேருமே முழுசா முடிச்சோம். ஒரு தடவை கரண்ட் போச்சு, இன்வெர்ட்டரும் மக்கர் பண்ணுச்சு. கையால பம்ப்பைச் சுத்தி ரத்தம் அத்தனையையும் திருப்பினேன். எனக்கு வேர்வை கொட்டுச்சு, கை ஆடல.

இதையெல்லாம் உன்கிட்ட சொன்னா நீ டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடுவன்னு அம்மா சொல்றா. சொல்லாதீங்க, அவன் போவட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு மூணு நாளா கெஞ்சறா. எனக்கும் அதே பயம்தான். ஆனா ஒரு சீட்டை எட்டு மாசம் பையில வெச்சிக்கினு சுத்தினவன் நான். இன்னொண்ணை வெச்சிக்க என் தோள்ல தெம்பு இல்ல. நீயும் அங்க போயி உடம்பு சரியில்லன்னா, வேலை போச்சுன்னா, மனசு உடைஞ்சுதுன்னா, எல்லாம் ரைட்டுன்னு மெசேஜ் போடாத. பெருவிரலைக் காட்டாத. பயமா இருந்தா பயமா இருக்குன்னு போன்ல சொல்லு. எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது, கூடச் சேந்து பயப்படத் தெரியும்.

மேல முடிவு உன்னுதுன்னு எழுதினேன். இவ்வளவு தூரம் எழுதின பிறகு மாத்திச் சொல்றேன். போ. பயம் தெளிஞ்சு சொல்லல, இந்த நிமிஷம்கூட இருக்கு. ஒவ்வொரு தடவை ஊசியைப் பிரிக்கும்போதும் வரும், அது நிக்காதுன்னு சிஸ்டரே சொல்லிட்டாங்க. நீ போவாம இருந்தா நான் திரும்பப் பால் வாங்கப் போயிடுவேன், எனக்கு என்னைப் பத்தித் தெரியும். எல்லாம் தெரிஞ்சிக்கினு போ, தெரியாம போவாத, அவ்வளவுதான்.

ஞாயித்துக்கிழமை நான் ஏர்போர்ட்டுக்கு வரல. அம்மாவுக்கு மிஷின் நாள். நீ கிளம்பற நேரத்துக்கு ரெண்டு ஊசியும் ஏத்தி, பம்ப் ஓடிக்கினு இருக்கும். அம்மாவால வாசலுக்கு வர முடியாது, நீ உள்ள வந்து சொல்லிக்கினு போ. என்னைக் கட்டிப் புடிக்காத, கை கழுவியிருப்பேன். அங்க போயி நீ போன் பண்ணுவ, ஊடு எப்படிம்மா கீதுன்னு கேப்ப. மிஷின் ரூமுக்குள்ளதான் சட்டம், ஹாலுக்கு வந்துட்டா அவ பழைய பாஷைதான். நிறைஞ்சிருக்குடான்னு சொல்லுவா. அதுக்கு இன்னா அர்த்தம்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சிட்டுதுன்னு ஓடி வந்துடாத. ரைட்டும்மான்னு சொல்லிட்டு, உன் வேலையைப் பாரு.

அப்பா